பின்பக்கம் ‘டக்’ என்று தட்டினால் கிரவுனைக் கடைசியில் பாருங்கள்

பின்சக்கரம் இழுக்கும் பழைய வண்டியில் கிளட்சை விடும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்று ஒரு தட்டல் கேட்டால், பலரும் உடனே சொல்வது ‘கிரவுன் போச்சு’ என்பதுதான். எனக்கு இந்த அவசரத் தீர்ப்பைக் கேட்டாலே கோபம் வரும். கிரவுன் என்பது பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் இருக்கும் பெரிய பல்சக்கரம், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். என்ஜினுக்கும் பின் டயருக்கும் நடுவில் இருக்கிற பாகங்களில் நெடுநாள் உழைப்பவை கிரவுனும் பினியனும். எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டால் அவை எளிதில் சாகாது. அவற்றைச் சுற்றியிருக்கும் ரப்பர், இணைப்பு முனைகளில் இருக்கும் ரப்பர் உறையான புஷ், ஊசி பேரிங் எல்லாம் அதற்கு எவ்வளவோ முன்பே தேய்ந்துவிடும். நண்பர் ஒருவருடைய வண்டிக்கு ஒரு பட்டறையில் டிஃபரன்ஷியலையே மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் இரண்டாகப் பிளந்து கிடந்ததை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

ஆகவே கையில் ஸ்பேனரை எடுக்கும் முன் இந்தத் தட்டல் ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். என்ஜினிலிருந்து டயர் வரை சக்தி போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பிலும் சிறிது ஆட்டம் இருக்கும். கியர் பல்லுக்குப் பல் இடைவெளி, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நீளப் பற்களான ஸ்ப்ளைனில் ஒரு துளி, ஷாஃப்ட் மடங்க இடம் தரும் சிலுவை வடிவ ஜாயின்ட் கிராஸில் ஒரு துளி, டிஃபரன்ஷியலுக்குள் கொஞ்சம், ஆக்சில் முனையில் கொஞ்சம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எல்லாம் ஒரு பக்கமாக இறுகி நிற்கும். காலை எடுத்தால் மறுபக்கம் சாயும். இந்தப் பக்க மாற்றத்தின்போது உலோகம் உலோகத்தில் மோதுவதுதான் நமக்குக் கேட்கும் தட்டல். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் என்ஜினின் திருகு விசை 3 மடங்குக்கு மேல் பெருகிப் போவதால் அங்கேதான் சத்தம் அதிகம். நாலாவது கியரில் அதே வண்டி சாதுவாகப் போகும்.

பழைய வண்டியில் இந்த ஆட்டம் பூஜ்யமாக இருக்காது, இருக்கவும் கூடாது. பல இடங்களில் இருக்கும் சின்னச் சின்ன ஆட்டங்கள் கூடித்தான் ஒரு பெரிய ‘டக்’ ஆகிறது. அதில் பெரிய பங்கு யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் கிரவுனை நான் ஏன் கடைசியில் வைக்கிறேன் என்பது புரியும். சாதாரண காரில் கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி ஏறக்குறைய 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர். கிரவுனின் விட்டம் 180 மில்லிமீட்டர், ரேஷியோ 4, அதாவது கிரவுன் ஒரு சுற்று சுற்ற பினியன் நான்கு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.15 மில்லிமீட்டர் இடைவெளிக்கு பினியன் திரும்பும் அளவு அரை டிகிரிக்கும் குறைவு. வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருகும்போது அது 10 டிகிரி ஆடுகிறது என்றால், மிச்ச ஒன்பதரை டிகிரி எங்கிருந்து வந்தது என்பதுதானே கேள்வி?

எப்போது தட்டுகிறது?

எந்தப் பாகம் என்று கேட்கும் முன் எப்போது என்று கேளுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில், ஜன்னல்களை இறக்கிவிட்டு, சாலையோரம் ஒரு சுவர் இருந்தால் அதை ஒட்டியபடி ஓட்டுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்கும். செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு டிக்கியில் துணி சுற்றி வையுங்கள். அடுத்த முறை பின் சீட்டின் கீழே, அதற்கடுத்து முன்பக்கம் கியர் லீவர் அருகே. காது ஏமாறும் இடம் இது. ஷாஃப்ட் ஒரு நீளமான இரும்புக் குழாய். கிணற்றின் மேலே பேசினால் அடியில் எதிரொலிப்பது போல முன்னால் பிறந்த சத்தம் பின்னால் கேட்கும்.

இரண்டாவது கியரில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், ஆக்சிலரேட்டரை மிதித்து, விட்டு, மிதித்து, விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தட்டல் என்றால் அது சக்தி போகும் பாதையில் இருக்கிறது: கிராஸ், ஸ்ப்ளைன், மவுண்டிங், டிஃபரன்ஷியல் இவற்றில் ஒன்று. அடுத்து வண்டியை 30 வேகத்துக்குக் கொண்டுபோய் நியூட்ரலில் விட்டு மேடு பள்ளத்தில் உருளவிடுங்கள். இப்போதும் தட்டினால், சக்தியே போகாதபோது வருவதால், அது சஸ்பென்ஷன், சைலன்சர், அல்லது டிக்கியில் உருளும் ஏதோ ஒன்று. இந்த ஒரு சோதனை பாதி சந்தேகப் பட்டியலை அடித்துவிடும். இதைச் செய்யாமல் பாகம் வாங்கக் கிளம்புபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

பிரேக் பிடித்தால் மட்டும் தட்டுகிறதா? ஆக்சில் முழுவதுமே முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஆக்சிலைப் பாடியோடு இணைக்கும் கையான ட்ரெயிலிங் ஆர்மின் புஷ், ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட், டிரம்மின் பின்தட்டு எல்லாம் அங்கே சந்தேகத்துக்கு உரியவை. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முதல் முறை முன்னோக்கிப் போய் பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஒரு தடவை ‘டக்’ என்றால் பிரேக் ஷூ அல்லது பேட் தன் இடத்தில் நகர்ந்து உட்காருகிறது. அடுத்த முறை வீலைக் கழற்றும்போது அங்கே ஒரு பார்வை பார்த்தால் போதும். வளைவில் திரும்பும்போது மட்டும் என்றால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள், ஆக்சில் பேரிங், அல்லது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகையாக இருந்தால் அதன் கிளட்ச் தட்டுகள்.

சிக்னலில் வண்டி முழுதாக நிற்கும் அந்தக் கடைசிக் கணத்திலோ, நின்று கிளம்பிய உடனேயோ ‘டங்’ என்று யாரோ பின்னாலிருந்து இடித்தது போல வந்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்லிப் ஜாயின்ட். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தாளமும் ஒரு தடயம். சாதாரண கார் டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். நடக்கும் வேகத்தில், அதாவது மணிக்கு 5 கிலோமீட்டரில், சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஒன்றே கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். ரேஷியோ 4 என்றால் அதே நேரத்தில் ஷாஃப்ட் நான்கு சுற்று சுற்றிவிடும். எனவே மெதுவாக ஊர்ந்து போகும்போது நொடிக்கு மூன்று தட்டல் வந்தால் அது ஷாஃப்ட், கிராஸ், பினியன் பக்கம். ஒன்றரை நொடிக்கு ஒன்று வந்தால் சக்கரம், ஆக்சில் பக்கம். கிரவுனில் ஒரு பல் உடைந்திருந்தாலும் இதே மெதுவான தாளம்தான், ஏனென்றால் கிரவுன் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. நடை வேகத்தில் ‘கீச் கீச்’ என்று குருவி கத்துவதுபோல வேகமான தாளத்தில் வந்தால் கிராஸின் ஊசி பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது. சில நாளில் அது தட்டலாக மாறும்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டி-க்கோ ஆர்-க்கோ மாற்றும்போது மட்டும் தட்டினால் ஐடிலிங்கைப் பாருங்கள். என்ஜின் சூடான பிறகும் 1,100 ஆர்பிஎம்மில் ஓடிக்கொண்டிருந்தால் நல்ல வண்டியும் தட்டும். ஐடிலிங்கைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்த பிறகும் தட்டினால்தான் அடியில் படுக்க வேண்டும்.

தூக்காமலே பார்ப்பவை

டிக்கியை முழுதாகக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாம் வெளியே. அப்படியே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஸ்டெப்னியை இறுக்கும் போல்ட் தளர்ந்திருந்தால் வரும் சத்தத்தை ஷாக் அப்சார்பர் புஷ் சத்தத்திலிருந்து பிரித்துச் சொல்வது கடினம்.

வீல் நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் வேறு எதையும் தேட வேண்டாம். முதலில் எல்லா நட்டையும் கழற்றி, ஓட்டைகள் நீள்வட்டமாக அரைபட்டிருக்கின்றனவா என்று பார்த்து, சரியான அளவுக்கு இறுக்குங்கள். கம்பி வீல் போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் வீலும் ஹப்பும் சேரும் ஸ்ப்ளைன் தேய்ந்தால் கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ‘கடக்’ என்று வரும். அதை டிஃபரன்ஷியல் சத்தம் என்றே பலர் நினைப்பார்கள்.

சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது வால் குழாயைப் பிடித்து நாலு பக்கமும் ஆட்டுங்கள். ஆக்சிலுக்கு மேலே வளைந்து போகும் இடத்தில் குழாயிலோ ஆக்சில் ஹவுசிங்கிலோ பளபளவென்று தேய்ந்த தடம் இருந்தால் அதுதான் உங்கள் தட்டல்.

என்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங்குக்கு ஒரு உதவியாள் வேண்டும். பானெட்டைத் திறந்து வைத்து, பிரேக்கை முழுதாக மிதித்து, முதல் கியரில் கிளட்சை லேசாகப் பிடிக்கும் வரை மட்டும் விடச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஒருபோதும் நிற்காதீர்கள். என்ஜின் ஒரு பக்கமாகச் சிறிது சாய்வது சரி. குதித்து எழுந்து ‘டொக்’ என்று உட்கார்ந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது.

அடியில் போகும் முன்

இதைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு. கெட்டியான சமதளத் தரை, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, பிறகு ஸ்டாண்டில் இறக்கி வைத்து வண்டியைக் கையால் பலமாக உலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும். நீங்கள் அடியில் இருக்கும்போது என்ஜின் ஓடவே கூடாது.

ஹேண்ட் பிரேக்கை நம்பும் முன் அது எதைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய சீரீஸ் லேண்ட் ரோவர் போன்ற சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, கியர்பாக்ஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதும் டிஃபரன்ஷியல் வழியாகத் தரையிலிருக்கும் மறு சக்கரம் உருள ஆரம்பிக்கும். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தும் வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழும். எந்த வண்டியானாலும் கட்டை வைக்காமல் தூக்காதீர்கள்.

ஸ்டாண்டை எங்கே வைக்கிறோம் என்பதும் சோதனையின் ஒரு பகுதி. ஒரே துண்டு ஆக்சில் உள்ள வண்டியில் ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் வைத்தால் எல்லாம் ஓட்டும்போது இருக்கும் கோணத்திலேயே இருக்கும். பாடிக்கு அடியில் வைத்தால் ஆக்சில் தொங்கிவிடும், புஷ்கள் முறுகி நிற்கும், ஆட்டம் மறைந்துவிடும். ஷாஃப்ட் சோதனைக்கு எப்போதும் ஆக்சிலுக்கு அடியில்தான்.

சாக்பீஸ் சோதனை

பின்பக்கச் சத்தம் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச், ஒரு உதவியாள் போதும்.

ரேம்பில் ஏற்றியோ, நான்கு மூலையும் சமமாக ஸ்டாண்டில் வைத்தோ, பின் சக்கரங்கள் சுற்றாமல் பூட்டிக்கொள்ளுங்கள். கியர் நியூட்ரல், என்ஜின் நின்றிருக்க வேண்டும். ஷாஃப்டை நன்றாகத் துடைத்துவிட்டு முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே வரிசையில் சாக்பீஸால் கோடு போடுங்கள்: கியர்பாக்ஸிலிருந்து வரும், போல்ட் போட்டு இணைக்கும் தட்டான ஃபிளேஞ்ச், முன் கிராஸை இரண்டு பக்கமும் பிடிக்கும் கவையான யோக், ஸ்லிப் ஜாயின்டின் உள் வெளித் துண்டுகள், பின் கிராஸின் இரண்டு பக்கம், பினியன் ஃபிளேஞ்ச். ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஒரு கோடு குறுக்கே ஓட வேண்டும்.

உதவியாள் ஷாஃப்டின் நடுவைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருக, நீங்கள் கோடுகளைப் பாருங்கள். எந்த இணைப்பில் கோடு உடைகிறதோ அங்கே ஆட்டம். ஸ்லிப் ஜாயின்டில் கோடு கொஞ்சம் உடைந்து சேரும், கிராஸில் துளியும் உடையக் கூடாது. பினியன் ஃபிளேஞ்ச் ஷாஃப்டோடு சேர்ந்தே ஆடி, சக்கரம் அசையாமல் நின்றால் அந்த ஆட்டம் ஹவுசிங்குக்குள் அல்லது ஆக்சில் முனைகளில். பிறகு கியர் போட்டு ஷாஃப்டின் முன்பக்கத்தை மறுபடி திருகினால் கியர்பாக்ஸின் பங்கும் தெரியும். ஃபிளேஞ்ச் விளிம்பில் ஒரு சின்ன அளவுகோலைப் பிடித்து ஒவ்வொரு இடத்தின் ஆட்டத்தையும் மில்லிமீட்டரில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் எது வளர்கிறது என்று கண்ணுக்கு முன்னால் தெரியும். பழைய வண்டியில் ஆட்டம் எவ்வளவு என்பதைவிட, வளர்கிறதா என்பது எனக்கு முக்கியம்.

கிராஸ், ஸ்லிப், சென்டர் பேரிங்

கிராஸைத் தனியாகச் சோதிக்க ஒரு யோக்கை ஒரு கையிலும் மற்றதை மறு கையிலும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். பிறகு ஒரு நெம்புக் கம்பியை நடுவில் கொடுத்து மேலும் கீழும் லேசாக நெம்புங்கள். கண்ணுக்குத் தெரியும் எந்த அசைவும் கூடாது. கிராஸின் முனைகளில் ஊசிகளை மூடியிருக்கும் கப்பின் சீலைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரி சிவப்புப் பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் போய், ஊசிகள் துருப்பிடித்து அரைபடுகின்றன.

ஆட்டமே இல்லாத கெட்ட கிராஸும் உண்டு. வருடக்கணக்கில் ஒரே கோணத்தில் ஓடிய கிராஸில் ஊசிகள் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்திருக்கும். வண்டியில் இருக்கும்போது அது கெட்டியாகத் தெரியும். ஷாஃப்டைக் கழற்றி ஜாயின்டைக் கையால் மெதுவாக மடக்கினால் ஒரே இடத்தில் ‘கிடுக்’ என்று தடுக்கும். நடு இடத்தில் தடுக்கும் கிராஸ் போன கிராஸ்தான், கிரீஸ் அடித்துக் காப்பாற்ற முடியாது.

ஸ்லிப் ஜாயின்டின் கதை வேறு. ஆக்சில் மேலும் கீழும் போகும்போது கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே தூரம் மாறும். அதற்கு இடம் கொடுக்க ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும். ஸ்ப்ளைனில் கிரீஸ் வற்றினால் அது வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். பிரேக் பிடித்து நிற்கும்போது ஆக்சில் முறுகி, விசை அதிகமானதும் ஸ்ப்ளைன் சட்டென்று விடுபடும். அதுதான் நிற்கும் கணத்தில் பின்னாலிருந்து இடிப்பது போன்ற அந்த ‘டங்’. பாகம் ஏதும் மாற்ற வேண்டியதில்லை. குறி போட்டுக் கழற்றி, பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து, பற்கள் படிக்கட்டுப் படிக்கட்டாகத் தேயவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸைப் பூசி மாட்டினால் போய்விடும். கிரீஸ் அடிக்கும் சின்ன வாயான நிப்பிள் வழியாகக் கிரீஸை அளவுக்கு மேல் அடைக்காதீர்கள். முனை மூடியுள்ள வகையில் கிரீஸ் அடைத்துக்கொண்டால் ஷாஃப்ட் சுருங்க இடம் இல்லாமல் போகும். சில வண்டிகளில் இந்த ஸ்ப்ளைன் கியர்பாக்ஸ் வாலுக்குள்ளேயே போய் அதன் எண்ணெயில் நனைகிறது. அவற்றில் ஷாஃப்டை இழுத்ததும் எண்ணெய் கொட்டும், அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் நடுவே ஒரு சென்டர் பேரிங் ரப்பரில் தொங்கும். வால்வோ 240, மெர்சிடிஸ் டபிள்யூ123 எல்லாம் அந்த வகை. ஷாஃப்டைக் கையால் தூக்கினால் ரப்பர் அமுங்கித் திரும்பி வரும், அது சரி. ரப்பர் கிழிந்து பேரிங் தன் கூட்டில் இடித்தால் கிளம்பும்போது கால் பக்கத்திலேயே தட்டும். அதே மெர்சிடிஸிலும் பிஎம்டபிள்யூ இ30 போன்ற வண்டிகளிலும் கிராஸுக்குப் பதிலாகத் தடிமனான ரப்பர் தட்டு ஒன்று இருக்கும். அதைச் சும்மா பார்த்தால் நன்றாகவே தெரியும். வண்டியைச் சற்று நகர்த்தி நகர்த்தி போல்ட் ஓட்டைகளைச் சுற்றி டார்ச் அடித்தால்தான் கீறல் கண்ணில் படும். புதிதாக மாட்டும்போது அதன் விளிம்பில் அம்புக்குறிகள் இருந்தால் அவை ஃபிளேஞ்சின் கைகளை நோக்கி இருக்க வேண்டும். இறுக்கும்போது ரப்பரோடு ஒட்டியிருக்கும் தலையைப் பிடித்துக்கொண்டு உலோகத்தோடு ஒட்டியிருக்கும் பக்கத்தைத் திருப்புங்கள், இல்லையென்றால் ரப்பர் முறுகிப் போகும்.

ஆக்சிலைப் பிடித்து நிறுத்துபவை

ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டியில் யூ போல்ட்டும் அதன் நடுவே இருக்கும் சென்டர் போல்ட்டும்தான் ஆக்சிலை இடத்தில் வைத்திருக்கின்றன. சென்டர் போல்ட் முறிந்தால் ஆக்சில் பட்டையின் மேல் முன்னும் பின்னும் வழுக்கும். கிளம்பினால் ஒரு தட்டல், பிரேக் பிடித்தால் ஒரு தட்டல். முன் ஹப்பின் மையத்திலிருந்து பின் ஹப்பின் மையம் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறைவாக இருந்தால் சந்தேகம் உறுதி. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

காயில் ஸ்பிரிங் வண்டியில் ட்ரெயிலிங் ஆர்ம், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராட் இவற்றின் புஷ்களைப் பாருங்கள். நெம்பிப் பார்ப்பதைவிட எனக்குப் பிடித்த வழி, புஷ்ஷின் மீதும் அதன் பிராக்கெட் மீதும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டு ஒரு நாள் ஓட்டுவது. சுற்றியிருக்கும் அழுக்கில் புதிதாகத் தேய்ந்த பளபளப்பு எங்கே தெரிகிறதோ அங்கே உலோகம் உலோகத்தில் இடிக்கிறது. ஷாக் அப்சார்பரின் மேல் புஷ் பல வண்டிகளில் டிக்கிக்குள்ளிருந்துதான் தெரியும். அதை மறந்துவிட்டு அடியிலேயே தேடிக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் டிஃபரன்ஷியல் பாடியோடு மவுண்டிங் ரப்பரில் தொங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் மூக்கு மேலே எழும்ப முயலும். டாட்சன் 240இசட் வண்டியில் அந்த மூக்குக்கு மேலே ஒரு பட்டை போட்டிருப்பதே இதற்காகத்தான். டிஃபரன்ஷியலின் மூக்குக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியால் லேசாகத் தூக்கினால் ரப்பர் உலோகத்திலிருந்து பிரிவது கண்ணுக்குத் தெரியும். இந்த வகை வண்டிகளில் ஒவ்வொரு பக்கமும் அரை ஷாஃப்ட்டுகள் இருக்கும், அவற்றின் கிராஸ் அல்லது சிவி ஜாயின்டையும் இதேபோல் முறுக்கிப் பாருங்கள்.

இப்போது கிரவுன்

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்து, சாக்பீஸ் கோடு ஹவுசிங்குக்குள் கையைக் காட்டினால் மட்டும் இங்கே வாருங்கள். பினியன் ஃபிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். சுற்றுவாக்கில் ஆடலாம். மேலும் கீழும் துளி ஆடினாலும் பினியன் பேரிங் போய்விட்டது. உள்ளும் வெளியும் ஆடினால் பினியன் நட்டு தளர்ந்திருக்கலாம். உடனே ஸ்பேனரைப் போட்டு இறுக்கிவிடாதீர்கள். பல டிஃபரன்ஷியல்களில் அந்த நட்டுக்குப் பின்னால் நசுங்கும் வகை குழல் ஒன்று இருக்கும். பேரிங்கின் இறுக்கம் அதை நம்பித்தான் அமைகிறது. கண்மண் தெரியாமல் இறுக்கினால் அது மேலும் நசுங்கி, பேரிங் இறுகிச் சூடேறிக் கெடும்.

எண்ணெயைப் பாருங்கள். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட்டைத் திறந்துவிடுங்கள். அது துருப்பிடித்துத் திறக்காமல் போனால், வடித்த பிறகு ஊற்ற வழி இல்லாமல் வண்டி நின்றுவிடும். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மாதிரி ஒட்டியிருப்பது வயதான வண்டிக்கு இயல்பு. நகத்தால் உணர முடிகிற துண்டு, ஓரம் கூரான சில்லு இருந்தால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது. மறுபடி நிரப்ப, பெரும்பாலான ஹைப்பாய்டு டிஃபரன்ஷியல்களுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90. லிமிடெட் ஸ்லிப் என்றால் அதற்கான சேர்மானமும் வேண்டும், அது இல்லாமல் ஊற்றினாலே வளைவில் ‘கடகட’ என்று தட்டும். பெஜோ 404 போல வெண்கலச் சக்கரம் உள்ள வார்ம் ஆக்சில் என்றால் கையேட்டில் சொன்ன எண்ணெய் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

பின்மூடியைத் திறக்க முடிகிற வகை என்றால் உள்ளே பார்த்துவிடலாம். கிரவுன் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, சின்னப் பல்சக்கரங்களின் பின்னால் இருக்கும் வாஷர்கள் காகிதம் போலத் தேய்ந்திருக்கின்றனவா, அவை ஓடும் குறுக்குப் பின்னில் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளிருந்து வரும் தட்டலில் பெரும்பங்கு எனக்குத் தெரிந்து இந்த வாஷர்களும் பின்னும்தான். அவற்றை மட்டும் மாற்றி மூடிவிடலாம். கிரவுனும் பினியனும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் அவற்றின் இடைவெளியைக் குறைக்கிறேன் என்று, அந்த இடைவெளியை அமைக்கும் மெல்லிய தகடான ஷிம்மில் கை வைக்க வேண்டாம். இத்தனை வருடம் சேர்ந்து தேய்ந்த இரண்டு பற்களும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். இடம் மாற்றி வைத்தால் தட்டல் குறைந்து ஊளைச் சத்தம் பிறக்கும், அதைத் தீர்ப்பது இதைவிடக் கடினம்.

கிராஸ் மாற்றும்போது

பெரும்பாலும் முடிவு இங்கேதான் வந்து நிற்கும் என்பதால் சில வார்த்தைகள். ஷாஃப்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு ஃபிளேஞ்சிலும் ஸ்லிப் ஜாயின்டின் இரண்டு துண்டுகளிலும் பெயின்ட் குறி போடுங்கள். ஒரு கிராஸ் கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். 10 டிகிரி கோணத்தில் ஒன்றரை சதவீதம் வரை. மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதைச் சரிக்கட்டும். ஸ்லிப் ஜாயின்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் அந்தச் சரிக்கட்டல் கெட்டுப்போய், தட்டல் போய் அதிர்வு வரும்.

கப் வெளியே வராமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப்பைக் கழற்றி, வைஸில் இரண்டு சாக்கெட் வைத்துக் கப்பை அழுத்தி எடுங்கள். சுத்தியால் யோக்கை அறைந்தால், கப் உட்காரும் அதன் காது வளையும். புதிய கப்பை உள்ளே தள்ளும்போது ஒரு ஊசி சாய்ந்து அடியில் படுத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. கப் முழுதாக உள்ளே போகாமல் சர்க்ளிப் காடியில் உட்காரவில்லை என்றால் அடிக்காதீர்கள், வெளியே எடுத்துப் பாருங்கள். எல்லாம் மாட்டிய பிறகு ஜாயின்ட் இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் மரச் சுத்தியால் லேசாகத் தட்டினால் விடும். நிப்பிள் இருந்தால் நான்கு சீலிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். ஒன்றில் வரவில்லை என்றால் ஜாயின்டை மடக்கி மடக்கி மறுபடி அடியுங்கள். இ30 போன்ற வண்டிகளில் கப்பை யோக்கோடு நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். அதைச் சாதாரணக் கிராஸ் போல மாற்ற முடியாது, ஷாஃப்டை மாற்றவோ ஷாஃப்ட் வேலை மட்டுமே செய்யும் பட்டறையில் கொடுக்கவோ வேண்டும்.

ஃபிளேஞ்ச் போல்ட்டுகளுக்குக் கையில் கிடைத்த சாதா போல்ட்டைப் போடாதீர்கள். பழையவை நன்றாக இருந்தாலும் நட்டு புதிதாக இருக்கட்டும், லாக் நட்டாக இருக்கட்டும். முன் கிராஸ் ஓடும்போது விட்டுப்போனால் ஷாஃப்டின் முனை தரையில் குத்தும். அதற்குப் பிறகு வண்டி உங்கள் கையில் இல்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, சூடு ஆறியதும் மறுபடி அடியில் போய் எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச் வைத்துச் சரிபாருங்கள். பிறகு அதே சாலையில், அதே இரண்டாவது கியரில், அதே 20 வேகத்தில் மிதித்து விட்டுக் கேளுங்கள். தட்டல் பாதியாகக் குறைந்து மீதி இருந்தால் நீங்கள் குறித்து வைத்த மில்லிமீட்டர் பட்டியலில் அடுத்த பெரிய எண் எது என்று பார்த்து அங்கே போங்கள்.